மேசை மேல் வாட்டர்லூ

இருநூறு வருடத்துக்கு முந்தைய வாட்டர்லூ போரை மேசையில் பரப்பி, வர்ணம் பூசிய ஈயச் சிப்பாய்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் செல்லசாமி. ஹட்டன் பக்கத்தில் இந்த ஆட்டத்தில் அவரை வென்றவன் கிடையாது. ஆடத் தெரிந்த இன்னொருவனும் கிடையாது. எதிரே வந்து நின்ற இளைஞனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் சுதாகரனா? லயத்துக் கூலிக்காரப் பயலுக மூஞ்சி எல்லாம் எனக்கு ஒண்ணுதான். ஜெயிச்சா என் பொண்ணு பிரேமினியைக் கட்டிக்க. தோத்தா இந்தப் பக்கமே தலை காட்டக் கூடாது."

"சரிங்க ஐயா."

பகடை உருண்டது. இளைஞனின் சிப்பாய்கள் வரிசையாகச் சாய்ந்தார்கள்.

"பிரேமினி, தேத்தண்ணி கொண்டா."

பதில் இல்லை. செல்லசாமி எழப் போனார்.

"ஐயா, உங்க குதிரைப்படை எப்படிங்க எனக்குப் பின்னால வந்துச்சு?"

அவர் சுகமாக மறுபடி உட்கார்ந்தார். "சண்டை இங்கதான்னு காட்டிக்கிட்டு, ஆளை அந்தப் பக்கமா நகத்தணும். அதுக்கெல்லாம் மூளை வேணும்டா."

தூரத்தில் ரயில் கூவியது. இளைஞன் எழுந்தான்.

"தோத்துட்டேங்க ஐயா."

"அப்ப என் பொண்ணை மறந்துடு."

"எனக்கு எதுக்குங்க உங்க பொண்ணு? பிரேமினியும் சுதாகரனும் அந்த ரயில்ல போறாங்க."

"அப்ப நீ யாருடா?"

"அவன் கூட்டாளிங்க. ஐயாவுக்குத்தான் எங்க மூஞ்சி எல்லாம் ஒண்ணாச்சே."