மைக் இல்லாத படை

“மைக்கை ஆன் பண்ணினது யாரு? எல்லாரும் மறுபடி முதல்ல இருந்து வாங்க.”

அபிநயா குரூப்பில் தட்டிவிட்டாள். ஆன் பண்ணியது சாட்சாத் தனசேகரேதான். பல்லைக் கடித்துக்கொண்டு அணைத்தான். அன்றைக்கு இது ஐந்தாவது தடவை.

போனில் விளையாடும் ராணுவ விளையாட்டு அது. நாலு பேர் சேர்ந்தால் ஒரு படை. சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் தனசேகர்தான் தலைவன். ஜலகண்டாபுரத்தில் தறி ஓட்டும் யோகேஷ், ஆட்டையாம்பட்டி சௌந்தர்யா, மேட்டூரில் ஒரு கம்பெனி லேப்பில் வேலை பார்க்கும் அபிநயா, இவர்கள் மற்ற மூவர்.

கடைசி மூன்று போட்டியிலும் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் நடக்கும் போட்டியிலும் தோற்றால் படையைக் கலைத்துவிடலாம் என்று தனசேகரே சொல்லியிருந்தான்.

அப்போதுதான், “மூணு வாரம் பயிற்சியை எங்கிட்ட உடுங்கண்ணா” என்று அபிநயா முன்வந்தாள். முதல் நாளே சட்டம் போட்டாள். யாரும் பேசக் கூடாது. சொல்ல வேண்டியதை மேப்பில் புள்ளி வைத்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு புள்ளி என்றால் நில். இரண்டு என்றால் பின்னால் பார். மூன்று என்றால் ஓடு.

ஊரில் இருக்கிற படையெல்லாம் ஹெட்செட் மாட்டிக் கத்திக் கத்தி விளையாடுகிறது. இவர்களுக்கு மட்டும் மௌன விரதம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று இந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

தனசேகர் அவளுக்குப் போன் போட்டே கேட்டுப் பார்த்தான்.

“எதுக்கு அம்மிணி இந்தச் சட்டம்?”

“ஜெயிக்கறதுக்குத்தானுங்கண்ணா.”

“பேசினா ஜெயிக்க மாட்டமா?”

“மூணு தடவையும் பேசித்தானுங்களே தோத்தோம்.”

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். திமிர் பிடித்தவள் என்று தனசேகர் முடிவு கட்டிவிட்டான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். காலை ஆறு மணிக்குப் பயிற்சி என்றால் ஆறு மணிக்கு அவள் இருப்பாள். ஒருவர் தப்புச் செய்தால் நாலு பேரும் முதலிலிருந்து ஆட வேண்டும். மூன்றாவது வாரம் படை நூல் பிடித்தாற்போல் நகர்ந்தது. அதிலும் யோகேஷ் மற்றவர்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டான். தறிக்கூடத்து இரைச்சலில் பேச்சு எங்கே எடுபடும்? பத்து வருடமாக அவனுக்கு அங்கே கைஜாடைதான். புள்ளி பாஷை ஒரே நாளில் பழகிவிட்டது.

அந்த யோகேஷே சனிக்கிழமை மதியம் பைக்கில் சங்ககிரிக்கு வந்து நின்றான்.

“ஏனுங்ண்ணா, நாளைக்கும் ஊமையாத்தான் ஆடோணுமுங்களா?”

அவனுக்கு எப்போதும் பெரிய குரல். தறிக்காரர்களுக்கு அப்படித்தான் அமைந்துவிடும்.

“அந்தப் புள்ள அப்படித்தான் சொல்லுது.”

“படிச்ச புள்ள பாருங்க, நாம பேசறது அதுக்குக் கேவலமா இருக்குதாட்ட இருக்குது. நீங்க சொன்னா நான் கட்டுப்படறேன். அது சொல்றதுக்கெல்லாம் ஆட மாட்டேன். மைக் இல்லீன்னா நாளைக்கு நான் வாரலீங்க.”

ஒருவன் வராவிட்டால் போட்டியே கிடையாது. மூன்று வார உழைப்பும் பாழ். தனசேகர் தலையைச் சொறிந்தான்.

“யோசிச்சுச் சொல்றேன், போ.”

யோகேஷ் பைக்கைப் பார்த்து நடந்தான். சாப்பாட்டு நேரம், ரோட்டில் ஈ காக்கை இல்லை. அவன் பத்தடி போவதற்குள் தனசேகர் மனசு மாறிவிட்டது. தனக்கும் பிடிக்காத சட்டத்துக்கு எதற்கு ஒரு ஆளை இழக்க வேண்டும்?

“யோகேஷு, நில்லு. மைக்கோடவே ஆடலாம்.”

அவன் நடந்துகொண்டே இருந்தான்.

“அட, நீ சொன்னபடியே ஆகட்டுங்கறேன்.”

நடை நிற்கவில்லை. கோபம் போலிருக்கிறது என்று தனசேகர் தொண்டையைத் திறந்து பேர் சொல்லிக் கூப்பிட்டான். எதிர் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். யோகேஷ் பார்க்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தவன் தற்செயலாக இந்தப் பக்கம் திரும்பினான். முகத்தில் கோபமே இல்லை. சிரித்தான்.

“என்னுங்ண்ணா, இன்னும் வெய்யில்லயே நிக்கறீங்க?”

தனசேகர் ஒன்றுமில்லை என்று கையை மட்டும் ஆட்டினான்.

வண்டி மறைந்ததும் யோகேஷுக்கு ஒரு மெசேஜ் தட்டினான். ‘மைக் வேண்டாம்னு அபிநயாகிட்டச் சொன்னதே நான்தான். திட்டறதுன்னா என்னைத் திட்டு. காலைல வந்து சேரு.’

பிறகு அபிநயாவைப் போனில் கூப்பிட்டான்.

“யோகேஷுக்குக் காது...”

“தோத்த மூணு ஆட்டத்தையும் ரெக்கார்டிங் போட்டுப் பார்த்தேனுங்கண்ணா. நாம கூப்பிட்டப்ப ஒரு தடவை கூட அவரு திரும்பலை. கேட்டா டவர் கிடைக்கலைங்கறாரு.”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல? மூணு வாரமா உன்னைத் திமிர் புடிச்சவள்னு நினைச்சுட்டிருந்தேன்.”

“நினைச்சா நினைச்சுட்டுப் போங்கண்ணா. போட்டி முடிஞ்சதும் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லி நானே அவர்கிட்ட சொல்லத்தான் போறேன். ஆனா தோத்தப்புறம் சொன்னா, தன்னாலதான் படையே கலைஞ்சுதுன்னு காலத்துக்கும் நினைச்சுக்குவாரு.”

அவள் குரல் கெட்டிப்பட்டது.

“அதுக்காகவாச்சும் நாளைக்கு நாம ஜெயிச்சே ஆகோணுமுங்கண்ணா.”