சிவப்புத் திரை

“அதுல என்ன எழுதியிருக்கு? எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படிங்க தம்பி” என்றார் சங்கத் தலைவர் லங்காட்.

வெல்டன் லேப்டாப்பைத் தூக்கி, கடைசியில் நின்றவர்களுக்கும் தெரியும்படி திருப்பிக் காட்டினான். திரை முழுக்கச் சிவப்பு.

“‘இந்தப் பக்கத்தை நம்ப வேண்டாம். உங்கள் பாஸ்வேர்டை யாராவது திருடலாம்’னு போட்டிருக்கு.”

கூட்டம் மொத்தமும் செரோனோவைத் திரும்பிப் பார்த்தது.

கெரிச்சோ மலைத் தேயிலை விவசாயிகள் சங்கத்தில் அவள்தான் கணக்கு எழுதுகிறவள். போன வாரம் இப்படி ஒரு சிவப்புத் திரையைத் தாண்டிப் போய், ஒரு போலிப் பக்கத்தில் சங்கத்தின் பாஸ்வேர்டை அடித்துவிட்டாள். அன்று மதியத்துக்குள் தேயிலைக்காக எல்லோருக்கும் வருஷம் ஒருமுறை வரும் போனஸை மொத்தமாக எவனோ சுருட்டிக்கொண்டு போய்விட்டான். பிள்ளைகளின் ஃபீஸ், கூரைத் தகரம், கல்யாணத்துக்குப் பெண் வீட்டாருக்குக் கொடுக்க வேண்டிய மாடு என்று அந்த ஊரில் எல்லாமே போனஸை நம்பித்தான் நின்றுகொண்டிருந்தன.

செரோனோவை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்யத்தான் இன்றைய கூட்டம். கம்ப்யூட்டர் விவரம் தெரிந்தவன் என்று வெல்டனையும் நக்குரு நகரத்திலிருந்து வரவழைத்திருந்தார்கள்.

“இவ்வளவு பெருசா எழுதியிருக்கு, கண்ணு தெரியலையாமா?” என்றார் ஒருவர்.

“வாட்ஸ்அப் பார்க்க மட்டும் நல்லாத் தெரியும்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

லங்காட் கையைக் காட்டி அடக்கினார். அவர் நல்ல மனிதர். கணவன் போன பிறகு இந்தச் சம்பளத்தில்தான் அவள் இரண்டு பெண்களையும் விடுதியில் வைத்துப் படிக்க வைக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும்.

“ஏம்மா, யாராவது அதை அழுத்திட்டு உள்ளே போகச் சொன்னாங்களா? இல்ல, நீயாவே போனியா?”

வெல்டன் லேப்டாப்பை மூடினான்.

சொன்னது அவன்தான்.

சங்கத்தின் கணக்கையெல்லாம் கிளவுடில் ஒரு வாடகை சர்வரில் ஏற்றி வைத்ததே அவன்தான். திருட்டுப் பயத்தில், சங்கத்தின் கம்ப்யூட்டர்களைத் தவிர வேறு எதுவும் எட்ட முடியாதபடி அதைத் தனியாகப் பூட்டியும் வைத்தான். நல்ல வேலைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் வெளியாட்கள் எட்டிப் பார்க்க முடியாத சர்வருக்கு, வெளியிலிருந்து யார் வந்து ‘இது அசல்தான்’ என்று பாதுகாப்புச் சான்றிதழ் கொடுப்பார்கள்? அதனால் அவனே ஒன்றை எழுதிக் கொடுத்தான். தனக்குத் தானே எழுதிக்கொண்ட சான்றிதழைக் கம்ப்யூட்டர் நம்பவில்லை. தினமும் சிவப்புத் திரையைக் காட்டியது.

ஒவ்வொரு கொள்முதல் நிலையமாகப் போய், ‘இந்தச் சான்றிதழை நம்பலாம்’ என்று கம்ப்யூட்டர்களில் பதிந்து வைத்திருந்தால் அந்தத் திரையே வந்திருக்காது. அதற்கு மழையிலும் சேற்றிலும் மலையேறி இறங்க வேண்டும். வெல்டனுக்கு உடம்பு வளையவில்லை.

“அது நம்ம சர்வர்தான் அக்கா. பயப்படாம அழுத்திட்டு உள்ளே போங்க. அப்புறமா வந்து சரி பண்ணிடறேன்” என்று செரோனோவிடம் சொல்லிவிட்டுப் போனான். அவள் பயந்து இரண்டு தடவை போன் பண்ணிக் கேட்டபோதும் சிரித்துக்கொண்டே அதையேதான் சொன்னான். அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை. ஆபீஸ் வைஃபைக்குள் புகுந்த திருடன் அதே அச்சில் ஒரு போலிப் பக்கத்தைக் குறுக்கே வைத்தபோது, அசலும் சிவப்பு, போலியும் சிவப்பு. அவள் வழக்கம்போல அழுத்தினாள்.

“உன்னைத்தாம்மா கேட்கிறேன்” என்றார் லங்காட்.

செரோனோ தலையை நிமிர்த்தி வெல்டனைப் பார்த்தாள். தகரக் கூரையில் மழை சடசடவென்று விழுந்தது. அவள் பார்வையை எடுக்கவே இல்லை.

சொன்னால் இந்தச் சங்கத்தின் வேலை போகும். விஷயம் பரவினால் மற்ற சங்கங்களும் கைகழுவிவிடும். இப்போதுதான் கடன் வாங்கி வீடு கட்டத் தொடங்கியிருக்கிறான். வெல்டன் குனிந்து, லேப்டாப்பின் வயரை மெதுவாகச் சுற்றினான். சுற்றி முடித்ததும் பிரித்து, இன்னொரு முறை சுற்றினான்.

அவன் நிமிர்ந்தபோது அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

“வாயே திறக்க மாட்டேங்கறா பாருங்க” என்றார் ஒருவர். லங்காட் பெருமூச்சு விட்டார். இனி அவர் காப்பாற்ற நினைத்தாலும் கூட்டம் விடாது. இன்றோடு அவளுக்கு வேலை இல்லை என்று முடிவாயிற்று. அந்தப் பெண்களின் படிப்பு என்னாகும் என்று யாரும் கேட்கவில்லை. அவரவர் பிள்ளையின் படிப்பே அந்தரத்தில் தொங்கும்போது எப்படிக் கேட்பார்கள்?

டீக் கோப்பையையும் பிள்ளைகளின் போட்டோவையும் பையில் போட்டுக்கொண்டு அவள் கிளம்பினாள். வெல்டன் மழையில் நனைந்தபடி ஓடி, கேட்டுக்குப் பக்கத்தில் அவளைப் பிடித்தான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

“அக்கா, என் பேரைச் சொல்லியிருந்தா என் பொழப்பே போயிருக்கும். நீங்க காப்பாத்திட்டீங்க. இந்த உதவியை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். நக்குருவுல தெரிஞ்சவர் ஆபீஸ் ஒண்ணு இருக்கு, உங்களுக்கு ஒரு வேலை சொல்லி வைக்கிறேன்…”

செரோனோ குடையை அவன் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

“உங்களைக் காப்பாத்தணும்னு நான் நினைக்கவே இல்ல தம்பி. நீங்களே எழுந்து சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்.”