வெறும் தண்ணீர்

நான்காவது தொட்டியிலும் முட்டை இல்லை.

அவள் டார்ச்சைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து இன்னொரு முறை தேடினாள். மூலை, அடிப்பக்கம், இலையின் முதுகு. நத்தைகள் தம் பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தன. பசைத் துளி மாதிரி ஒட்டியிருக்க வேண்டிய முட்டைக் கொத்து ஒன்றைக்கூடக் காணோம்.

மற்ற மூன்றில் இல்லாதது சரி. தரை துடைக்கிற திரவம், பாத்திர சோப்பு, கழிப்பறைத் திரவம் என்று தொட்டிக்கொன்றாகச் சொட்டுச் சொட்டாய் விட்டதே, நத்தை முட்டையிடுவது நிற்கிறதா என்று பார்க்கத்தான்.

நான்காவது வெறும் தண்ணீர். அதில் இட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் ஆய்வு குப்பைக்கு. அவளும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆய்வுக்கு வழிகாட்டும் மேடம் எப்போது பின்னால் வந்து நின்றாரென்று தெரியவில்லை.

"இதுல என்னத்தக் கலந்த?"

எதுவும் கலக்கவில்லை, வீட்டுத் தண்ணீர்தான் என்றாள். கல்லூரிக் குழாயில் குளோரின் நெடி தாங்காது. போன முறையும் வீட்டிலிருந்துதான் கொண்டுவந்தாள். அப்போது கண்ணாடி முழுக்க முட்டை வைத்ததை மேடமே பார்த்தாரே.

மேடம் விடவில்லை. சோப்புக் கையோடு தொட்டாயா, ஸ்பூனை மாற்றிப் போட்டாயா என்று குடைந்தார். கடைசியில், உன் அம்மாவுக்கு ஆபீஸ் தரை துடைக்கிற வேலைதானே, உங்கள் வீட்டிலிருந்து ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்றார்.

சுர்ரென்று ஏறியது. உன் ரூமையும் அவளை மாதிரி ஒருத்திதான் துடைக்கிறாள் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

வீட்டிலும் இதே பாட்டுதான். சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா படுத்தபடியே கேட்பாள், "உன் நத்தையாச்சும் பெத்துதாடி?" சிரித்துக்கொண்டேதான் கேட்பாள்.

என்ன மாறியது? அதே தண்ணீர். அதே நத்தை.

மேஜைக்கடியில் அந்த நீலக் கேன் நின்றது.

போன முறை வீட்டு அடிகுழாயில் நேராகக் கண்ணாடிக் குடுவைகளில் பிடித்துச் சுமந்து வந்தாள். பஸ் நெரிசலில் இரண்டு உடைந்து, நடத்துநரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். அதனால் இந்த முறை அடுப்படியிலிருந்து கேனைத் தூக்கி வந்திருந்தாள்.

குனிந்து முகர்ந்தாள். ஒரு வாசனையும் இல்லை.

மூடியைத் திருப்பினாள். உள்ளே, கசியாமலிருக்க வைக்கிற வெள்ளை வட்டம் ஒன்று ஒட்டியிருந்தது. இடுக்கியால் அதை நெம்பினாள்.

எலுமிச்சை வாசனை. முதல் தொட்டியில் சொட்டு விட்ட பாட்டிலைத் திறந்தால் வருமே, அதே வாசனை.

ஆபீசில் தீர்ந்துபோன தரைத் திரவக் கேன்களை அம்மா வீணாக்க மாட்டாள். வெந்நீர் ஊற்றிக் குலுக்கி, வெயிலில் கவிழ்த்து, மூக்கை வைத்துப் பார்த்து, வாசனை சுத்தமாகப் போன பிறகுதான் தண்ணீர் பிடிப்பாள். மூடிக்குள் வட்டம் இருப்பது அவளுக்கு எங்கே தெரியும்? இவளுக்கே இப்போதுதான் தெரிகிறது.

மேடமும் முகர்ந்து பார்த்தார். முகம் தெளிந்துவிட்டது. நல்லவேளை, கேன்தான் கோளாறு, ஆய்வு பிழைத்தது, வேறு பாத்திரத்தில் கொண்டுவந்து மறுபடி ஆரம்பி என்றார். முதல் முறையாக அவள் தோளில் தட்டிக்கொடுத்தார்.

அவள் காதில் எதுவும் விழவில்லை. கை போனைத் தேடிக்கொண்டிருந்தது.

வீட்டில் எல்லாமே அந்தக் கேன்கள்தான். குடிக்க, சமைக்க, எல்லாவற்றுக்கும்.

வயிற்றில் பிள்ளையோடு எழுந்து நடமாடக் கூடாது என்று டாக்டர் சொன்ன இரண்டு முறையும் அக்கா அம்மாவிடம்தான் வந்தாள். இரண்டு முறையும் இங்கே வந்த பிறகுதான் கலைந்தது. உடம்பில் சத்தில்லாத பெண்ணைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று மாமியார் வீட்டில் பேச்சு.

இது மூன்றாவது. தண்ணீருக்கென்று அக்கா எழுந்துவிடக் கூடாதே என்று, இருப்பதிலேயே புதுக் கேனாகப் பார்த்து அவள் தலைமாட்டில் வைத்திருக்கிறாள் அம்மா.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தாள் அக்கா. தூக்கத்தில் கம்மிய குரல்.

"இருடி, தொண்ட காஞ்சு கெடக்கு. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் பேசுறேன்."