கம்பெனியின் தூண்

“டபுள் சம்பளம் தர்றான், போகமாட்டேங்கிறியே, பைத்தியமாடா நீ?” பாலா போட்ட சத்தத்தில் சனத்நகர் காம்பவுண்டே காதைத் தீட்டிக்கொண்டது.

“நக்கோ, வேணாம். ‘நீ கம்பெனியோட தூண், போயிடாதே’ன்னு மேனேஜர் கையைப் பிடிச்சுக் கேட்டாருடா,” என்று அறைத்தோழன் உலகநாதனும் கத்தினான்.

“தூணாவே நில்லு. பல்லிதான் ஏறும்.”

பாலா வருஷத்துக்கொரு கம்பெனி தாவி, வேறு வீடும் பார்த்துப் போனான். தூண் அந்த அறையில் தனியே சமைத்து, தனியே தின்றது.

ஒன்பதாம் வருஷம், சுபாஸ்ரீ வீட்டுக்கு உலகநாதன் பெண் கேட்டு அனுப்பிய தரகர் உதட்டைப் பிதுக்கியபடி திரும்பினார்.

“‘இத்தனை வருஷமா ஒரே கம்பெனியா? திறமை இருந்தா வேற எவனாவது கூப்பிட்டிருப்பானே’ன்னாரு பொண்ணோட அப்பா.”

“என் மேனேஜரா அப்படிச் சொன்னாரு?”

“அவரேதான் தம்பி.”

சுபாஸ்ரீ பாலாவைக் கட்டிக்கொண்டு அமெரிக்கா போனாள். பெட்டி தூக்க ஏர்போர்ட்டுக்கு நம்பகமான ஆள் வேண்டுமென்று மேனேஜர் அனுப்பியது உலகநாதனைத்தான்.