இன்னொரு சுற்று

"முன்னுக்கு றவுண்டபவுட் வருது. வேகத்தைக் குறை," என்றார் பேரின்பநாதன்.

"கண்ணை மூடிக்கொண்டு எப்பிடியப்பா தெரியுது?" குணேஸ்வரி சிரித்தாள். திருகோணமலையில் பஸ் ஓட்டிய மனுஷனுக்கு மொன்றியலிலும் வழி சொல்லாமல் இருக்க முடியாது.

"வலப்பக்கத்தாலை வாறவனுக்கு வழி விடு. ஆரும் வருகினமோ?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப இடப்பக்கமாய் எடு."

"இஞ்சை எல்லாரும் மற்றப் பக்கத்தாலை எல்லோ சுத்துறவை?"

"இங்கிலீசுக்காரன் எங்களுக்கு இப்பிடித்தான் பழக்கினவன்."

அவள் இடப்பக்கமாகவே திருப்பினாள். விளக்குகள் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் ஏறி இறங்கின. அவர் குரல் தூரத்து வானொலி போல மிதந்து வந்தது.

"இரண்டாவது வழியாலை வெளியிலை போகவேணும், என்ன?"

"ஓம்."

"தவறினாலும் பயப்பிடாதை. இன்னொருக்காச் சுத்தி வரலாம், ஒருத்தரும் ஏசமாட்டினம். றவுண்டபவுட்டின்ரை வசதியே அதுதானே."

"மதாம், டாக்டர் காத்திருக்கிறார்!" வட்ட மேசைக்குள் இருந்த தாதி பிரெஞ்சில் சொல்லி, இரண்டாவது கதவைக் காட்டினாள். அது சத்திரசிகிச்சைக் கூடம்.

அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போவதுதான் குணேஸ்வரியின் வேலை. இன்று தள்ளுகட்டிலில் கிடப்பது அவள் கணவர். இதயத்தைத் திறக்கப் போகிறார்கள். ஊசி மருந்தில் பாதி உறங்கிவிட்டவரின் விரல்கள் போர்வையின் மேல் ஸ்டியரிங்கைத் தேடிக்கொண்டிருந்தன.

கட்டில் இரண்டாவது கதவில் திரும்பாமல், வட்ட மேசையைச் சுற்றியே போனது.

"தவறவிட்டிட்டியோ?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

"ஓமப்பா," என்றாள் அவள். "இன்னொருக்காச் சுத்துறன்."