கலினா என்றொரு ஃபோல்டர்

ப்லோவ்டிவ் நகரின் அந்த மென்பொருள் நிறுவனத்தில் அன்று நேர்முகத் தேர்வு. எந்த இணையச் செயலிக்கும் அடித்தளமாக வைத்துக்கொள்ளக்கூடிய தொடக்க ப்ராஜெக்ட் ஒன்றை, பகுதி பகுதியாகப் பிரித்து அமைத்துக் காட்டச் சொன்னார்கள். தேர்வுக்கு வந்திருந்த இஸ்க்ரென் மளமளவென்று அமைத்துவிட்டான்.

போரில் என்ற மேலாளர் திரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இது எங்க ப்ராஜெக்ட்டுய்யா. இதோ உக்காந்திருக்காங்களே ராலிட்சா, இவங்க எழுதினது. இதுக்காகத்தான் இவங்கள டீம் லீடராக்கினோம். ஃபோல்டருக்குக் கலினான்னு பேரு வச்சிருக்கியே, அதுகூட ஈயடிச்சான் காப்பி. எங்கேர்ந்து சுட்ட?"

இஸ்க்ரென் ராலிட்சாவைப் பார்த்தான். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கயாவது பாத்திருப்பேன் சார். மன்னிச்சிடுங்க," என்று எழுந்து வெளியேறினான்.

ராலிட்சா லிஃப்ட் வரை ஓடிப்போய் அவனை நிறுத்தினாள்.

"ஏங்க உண்மையைச் சொல்லல?"

"உங்க முகத்தைப் பாத்ததும் வாய் வரல மேடம். எல்லாருக்கும் உதவட்டும்னுதான் அதை நெட்ல இலவசமா போட்டேன். எடுத்துக்கிட்டது தப்பில்ல. எம் பேரை அழிச்சிட்டு உங்க பேரைப் போட்டுட்டீங்களே, அதான். எம் பொண்ணு பேரையாவது விட்டு வச்சீங்க."

"பொண்ணா?"

"கலினா. மூணு வயசு."

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. ராலிட்சா தலைகுனிந்தபடி அறைக்குத் திரும்பினாள்.

"திருட்டுப்பய போயிட்டானா?" என்றார் மேலாளர் போரில்.

"திருடினவ போகல சார்," என்றாள் ராலிட்சா. "இங்கதான் நிக்கிறேன்."