ஓடையைக் கொன்றவர்

"வலையில ஒண்ணுமே இல்லையேம்மா," என்றார் சிவக்குமார்.

முனீஸ்வரி நம்பவில்லை. வலையை அவர் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தாள். மணலும், செத்து வெளுத்த பூச்சி இரண்டும் ஒட்டிக் கிடந்தன.

"கல்லைப் புரட்டிப் பாருங்க சார். அடியில கெடக்கும்."

புரட்டினார். ஒவ்வொரு கல்லாகப் புரட்டினார். எதிலும் எதுவும் ஊரவில்லை.

நாகமலை அடிவாரத்தில் ஓடுகிற சின்ன ஓடை அது. மேற்கே பிளாட் போட்டவர்கள், வரப்போகிற வீடுகளின் சாக்கடையை அதில் திருப்பிவிட அனுமதி கேட்டிருந்தார்கள். கிராமசபையில் எழுந்து நின்று முடியாது என்று கத்தியவள் முனீஸ்வரிதான். பன்னிரண்டாவதை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு எதுக்கு இம்புட்டு வாய் என்று ஊரே பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டாள். கடைசியில், கல்லூரியிலிருந்து ஆள் வந்து சோதிக்கட்டும் என்று முடிவானது. ஓடைக்கு உயிர் இருந்தால் சாக்கடை வராது. செத்த ஓடை என்றால் வந்துவிடும்.

காலையில் கல்லூரியிலிருந்து வந்து இறங்கியதும் சிவக்குமார் விளக்கிச் சொன்னார். நல்ல தண்ணீரில் மட்டும் பிழைக்கிற பூச்சிகள் உண்டு. அவை இருந்தால் போதும், ஓடை பிழைத்தது.

"பூச்சியா? அள்ளி முடியாது சார்!" என்று முனீஸ்வரி துள்ளிக்கொண்டுதான் அழைத்து வந்தாள்.

இப்போது வலையை மறுபடி உதறிப் பார்த்தாள். "நேத்து காலையில துணி தொவைக்கையிலகூட கால்ல ஊந்துச்சு சார். சத்தியமா."

"அப்படின்னா அதுக்கப்புறம் யாரோ என்னமோ ஊத்தியிருக்காங்க."

யாரோ என்ன யாரோ? கரையிலேயே பாண்டியராஜனின் வாட்டர் சர்வீஸ் இருக்கிறது. லாரியும் டிராக்டரும் கழுவுகிற இடம். முனீஸ்வரி ஈரப் பாவாடையோடு அங்கே ஓடினாள். சிவக்குமாரும் நாலைந்து பேரும் பின்னால் வந்தார்கள்.

"மாமா! நேத்து ஓடையில என்னத்த ஊத்துனீக?"

பாண்டியராஜன் தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். "என்ன பாப்பா?"

"நடிக்காதீக. ஒரு பூச்சி இல்ல. எல்லாம் செத்துப்போச்சு. பிளாட்டுக்காரன் எம்புட்டுக் குடுத்தான்?"

"செத்துப்போச்சா?"

அவர் முகம் மாறியது. ஓடையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றார் கூட வந்த சோணை.

"நான்தான்," என்றார் பாண்டியராஜன். "ஆசிட் ஏத்துன டேங்கர் ஒண்ணு கழுவுனேன். தண்ணி ஓடையில எறங்கிருச்சு."

"தூ! நீயெல்லாம் இந்த ஊர்த் தண்ணியக் குடிச்சவனா?" என்று சோணை துப்பினார்.

சிவக்குமார் மட்டும் நிதானமாகப் பேசினார். "ஒருநாள் ஊத்துனதுன்னா ஓடை மேல குத்தமில்ல. மழை பேஞ்சா மலையிலருந்து மறுபடி பூச்சி எறங்கும். அப்ப வந்து திரும்பப் பாக்கணும்னு எழுதுறேன். ஆனா அதுவரைக்கும் இந்தக் கடை தொறக்கக் கூடாது. சம்மதமா?"

"மழை வர்றவரைக்குமா சார்?"

"ஆமா."

அவருக்கு இருந்த பிழைப்பு அது ஒன்றுதான். ஆனாலும், "சரி" என்றார். உள்ளே போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து ஷட்டரை இழுத்து விட்டார். அந்தச் சத்தம் முனீஸ்வரிக்கு இனித்தது.

"பாப்பா," என்றார் போகும்போது. "வீட்டுல போயி இதையெல்லாம் பேசிக்கிட்டு இருக்காத."

"பேசுவேன். ஊரு பூராவும் சொல்லுவேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா சுந்தரம்மாள் நூறு நாள் வேலையிலிருந்து திரும்பியிருந்தாள். இரண்டு உள்ளங்கையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தோல் வெந்து உரிந்திருந்தது.

"கையில என்னம்மா?"

"அது கெடக்கட்டும். ஆபீசரு என்னடி சொன்னாரு? பளிச்சுன்னு இருக்குன்னாரா?"

"எது?"

"ஓடைதாண்டி! சுத்தமா இருந்தாத்தான் தப்பிக்கும்னு நீதான ஒத்தக்காலுல நின்ன? பெரிய ஆளுக வந்தா பஞ்சாயத்துல என்ன போடுவாக? அந்த ப்ளீச்சிங் பவுடர ஒரு மூட்டை கேட்டு வாங்கியாந்து, நேத்துச் சாயந்தரம் மேலருந்து கீழ வரைக்கும் தூவி, கல்லு கல்லா தேச்சுவிட்டேன்."

முனீஸ்வரி அம்மாவின் உள்ளங்கையையே பார்த்தாள். "யாரும்... பாக்கலையாம்மா?"

"வேற யாரு பாத்தா? நேத்துப் பூரா ஒரு வண்டிகூட வரலன்னு நம்ம பாண்டியராசன் அண்ணன்தான், நான் தேச்சு முடிக்கிறவரைக்கும் கரையில உக்காந்து பேசிக்கிட்டு இருந்தாரு."